ஆறு மணிக்கு மேல் ஆம்பூர்!

ஆம்பூர் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? தெரியும். சீரகச் சம்பா, எண்ணெய்க் கத்தரிக்காய், வெங்காயப் பச்சடி. (வாயைத் துடைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.) இந்தக் கட்டுரையில் பிரியாணி இனி ஒரே ஒரு இடத்தில்தான் வரும். அதுவும் கணக்கு நோட்டில். நான் போனது வேறு விஷயமாக. ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் பதினாறு, பதினேழு, பத்தொன்பது வயசுப் பையன்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வர.

“இதுக்கு ஆம்பூர் வரைக்கும் போகணுமா? எங்க தெருமுனையிலேயே பார்க்கலாமே” என்கிறீர்களா? பார்க்கலாம்தான். ஆனால் நீங்கள் தினமும் ஆபீஸுக்கு மாட்டிக்கொண்டு போகிறீர்களே ஒரு கறுப்பு ஷூ, அது ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் பதனிட்ட தோலாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறோம். அதைத் தைத்தவர் வீட்டையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வருவோமே!

காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, வேலூர் வந்து, பஸ் மாறினேன். வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை, தண்ணி இல்லாத ஆறு என்று. இதில் சாமி விவகாரம் 1981-ல் தீர்ந்துவிட்டது. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் திரும்பக் குடிவந்துவிட்டார். ஆறும் 2021 நவம்பரில் பொங்கி ஓடி, ‘நானும் இருக்கிறேன்’ என்று காட்டிவிட்டு மறுபடி மணலாகிவிட்டது. பாலாற்றில்தான் தண்ணி இல்லை. கரையில் அதற்கு எந்தக் காலத்திலும் பஞ்சம் இருந்ததில்லை.

பள்ளிகொண்டா சுங்கச்சாவடி, மாதனூர்... அதற்கு மேல் ஊர்ப் பலகையைப் படிக்க வேண்டியதில்லை. மூக்கே சொல்லிவிடும். பக்கத்து சீட் பெரியவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அரை மணி நேரம்தான் சார், அப்புறம் பழகிடும்” என்றார். இந்த ‘பழகிடும்’ என்ற வார்த்தையை அன்று முழுக்க நான் நாலைந்து பேர் வாயில் கேட்டேன். வேறு வேறு விஷயத்துக்காக.

தோல் பதனிடுவது லேசுப்பட்ட வேலை இல்லை. உப்புப் போட்டு வந்த பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு முடி நீக்கி, உள்பக்கத்துச் சதையைச் சீவி, ஒரு அறை அளவுக்கு இருக்கும் மர டிரம்மில் குரோமியம் சேர்த்துச் சுழற்றுகிறார்கள். வெளியே வரும்போது வெளிர் நீலமாக இருக்கும். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான். குரோமியம் வந்ததும் வேலை சுருக்கமாக முடிந்தது, ஆறும் சுருக்கமாக முடிந்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் சுப்ரீம் கோர்ட் வரை போய், 1996 ஆகஸ்ட் 28-ல் தீர்ப்பு வாங்கியது. டேனரிக்குத் தலா பத்தாயிரம் ரூபாய் அபராதம், கெடுத்தவனே செலவை ஏற்க வேண்டும் என்கிற விதி. இன்றும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக இருக்கிற தீர்ப்பு அது.

ஆற்றில் என்ன கலக்கிறது என்று பார்க்க கோர்ட், கமிட்டி, சுத்திகரிப்பு நிலையம் எல்லாம் வந்துவிட்டன. பையன்கள் உடம்பில் என்ன கலக்கிறது?

*

இந்தப் பக்கத்து வீடு ஒன்றின் நாளைச் சொல்கிறேன். அப்பா டேனரி. அம்மா ஷூ கம்பெனி. விடிவதற்கு முன் சாப்பாடு கட்டி, கம்பெனி பஸ்ஸைப் பிடித்து, தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பார். பாட்டி வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றுவார். குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் இது ரொம்ப சகஜம். பையனின் ஸ்கூல் பீஸில் பாதி பீடிக் கட்டில் இருந்து வருகிறது. அந்தப் பையனிடம் “பீடி பிடிக்காதே” என்று பாட்டி சொல்வதை நான் கேட்டேன். இதில் சிரிக்க ஒன்றும் இல்லை. பாட்டி சீரியஸாகத்தான் சொன்னார்.

ஆறு மணிக்குக் கம்பெனி பஸ்கள் திரும்ப ஆரம்பிக்கின்றன. பஸ் நிறையப் பெண்கள். இறங்கியதும் அவசர அவசரமாக வீட்டுக்கு நடக்கிறார்கள். அடுப்பு காத்திருக்கிறது. அப்பாமார்களில் சிலர் நேராக வீட்டுக்கு வருகிறார்கள். சிலர் சுற்றுவழியில் வருகிறார்கள். “நாத்தம் போகணும்ல சார், அதான் ரெண்டு கட்டிங்” என்பது அங்கே தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் காரணம். ஆறில் இருந்து ஒன்பது வரை பையன் எங்கே இருக்கிறான் என்று கேட்டால் வீட்டில் ஒரே பதில்தான். “இங்கதான் எங்கனா இருப்பான்.”

நான் தேசிய நெடுஞ்சாலையை விட்டு உள்ளே போகும் ஒரு ரோட்டில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தேன். எதிரே அரசுப் பள்ளி. பள்ளி கேட்டில் இருந்து பக்கத்துப் பெட்டிக்கடைக்கு எத்தனை தூரம் என்று சும்மா நடந்து பார்த்தேன். நாற்பத்தி இரண்டு எட்டு. கல்வி நிலையத்துக்கு நூறு கெஜத்துக்குள் புகையிலை விற்கக் கூடாது என்பது 2003-ம் வருஷத்துச் சட்டம். எனக்கு உயரம் அதிகம்தான், அதற்காக ஒரு எட்டுக்கு ஏழு அடி வராது!

யூனிஃபார்மோடு ஒரு பையன் சைக்கிளில் வந்து நின்றான். “அண்ணா, ஒண்ணு.” அவ்வளவுதான். என்ன ஒன்று என்று கடைக்காரர் கேட்கவில்லை. ஷாம்பூ சரத்துக்குப் பின்னால் கை போய், ஏதோ ஒன்று கைமாறியது. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, “சாக்லேட் சார்” என்றார்.

சாக்லேட்டைக் கீழ் உதட்டுக்கு அடியில் ஒதுக்கிக்கொள்ளும் பழக்கத்தை நான் வேறு எந்த ஊரிலும் பார்த்ததில்லை.

விஷயம் தெரியாத அப்பாக்களுக்காக: ‘கூல் லிப்’ என்பது தலைகாணி உறை மாதிரி குட்டியாக ஒரு பொட்டலம். உள்ளே புகையிலை, மேலே புதினா வாசனை. புகை இல்லை, வாய் சிவக்காது. கணக்கு வாத்தியார் கரும்பலகை பக்கம் திரும்பும் நேரம் போதும். குட்கா, பான் மசாலா வகையறாவுக்குத் தமிழ்நாட்டில் 2013-ல் இருந்து தடை. நடுவில் 2023 ஜனவரியில் ஐகோர்ட் அதை ரத்து செய்ய, ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் அந்த ரத்துக்கே தடை போட்டது. 2024-ல் மதுரைக் கிளை நீதிபதி, பள்ளிப் பிள்ளைகள் கூல் லிப்புக்கு அடிமையாவதைப் பார்த்து, இதை நாடு முழுக்க ஏன் தடை செய்யக் கூடாது என்றே கேட்டார். பதினெட்டு வயசு ஆகாத பிள்ளைக்குப் புகையிலையோ மதுவோ கொடுத்தால் ஏழு வருஷம் வரை கடுங்காவல் என்கிறது 2015-ன் இளைஞர் நீதிச் சட்டம். சட்டத்துக்கு நம் ஊரில் குறைச்சல் கிடையாது. ஷாம்பூ சரத்துக்குப் பின்னால் கைவிட்டுப் பார்க்கத்தான் ஆள் இல்லை.

*

பெரிய கம்பெனிகளுக்கு ஷூவின் மேல்பாகத்தைத் தைத்துக் கொடுக்கும் சின்னச் சின்ன ஜாப்ஒர்க் யூனிட்டுகள் இங்கே ஏராளம். ஒரு பாய் நடத்தும் யூனிட்டில் மத்தியானம் போய் உட்கார்ந்திருந்தேன். அங்கேதான் அந்தப் பையனைப் பார்த்தேன். வயசு பத்தொன்பது. பத்தாவதோடு சரி. வெட்டிய தோல் ஓரத்தை மெலிசாகச் சீவும் மெஷினில் வேலை. நல்ல கை என்றார் பாய்.

பி.காம். படித்தவனிடம் ஒரு பையன் மாட்டினால் என்ன நடக்கும்? வரவு செலவுதான். “ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒரு வாரக் கணக்கைச் சொல்லு தம்பி” என்றேன். யோசித்து யோசித்துச் சொன்னான். வரவு, வாரக் கூலி 2,400. பற்று, அம்மா கையில் 1,200. பெட்ரோல் 300. செல்போன் 80. ஞாயிற்றுக்கிழமை பிரியாணி 180. ‘லிப்’ 250. சனிக்கிழமை ராத்திரி நண்பர்களோடு ‘ஷேர்’ 350.

“2,360 ஆச்சு. மீதி நாப்பது?”

“தெர்ல சார்.”

சஸ்பென்ஸ் அக்கவுண்ட் என்று எழுதிக்கொண்டேன். லிப்பும் ஷேரும் சேர்ந்து 600. அதாவது கூலியில் நாலில் ஒரு பங்கு. ‘குவார்ட்டர்’ என்று சொன்னால் நம் வாசகர்களுக்குச் சட்டென்று பிடிபடும். வருஷத்துக்குப் பெருக்கிக் காட்டினேன். 31,200. பையன் மெஷினை நிறுத்திவிட்டு, “அவ்ளோவா?” என்றான். மாசச் சம்பளத்தில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களுக்கு எத்தனை போகிறது என்று நம்மில் எத்தனை பேர் பெருக்கிப் பார்த்திருக்கிறோம்? அது கிடக்கட்டும்.

“யார் பழக்கிவிட்டது?”

“யாரும் பழக்கல சார். பத்தாவது லீவுல மாமாகூட வேலைக்கு வந்துனு இருந்தேன். ஆறு மணிக்கு மேல இன்னா பண்றதுன்னு தெரியாது. பாலத்து மேல உக்காந்துனு இருப்போம். அங்க ஒருத்தன் குடுத்தான். மொத நாள் தலை சுத்திச்சு. அப்புறம் பழகிச்சு.”

மாஃபியா, வில்லன், கறுப்புக் கண்ணாடி ஒன்றும் இல்லை. பாலம், பொழுது, பக்கத்தில் ஒருத்தன். அவ்வளவுதான் கதை. ஆனால் அந்தப் பதினைந்து வயசு முக்கியம். அமெரிக்காவில் 1990-களில் ஒரு பெரிய ஆய்வு. பதினைந்துக்கு முன் குடிக்க ஆரம்பித்தவர்கள் பின்னாளில் குடிக்கு அடிமையாகும் வாய்ப்பு, இருபது இருபத்தொன்றில் ஆரம்பித்தவர்களைவிட நாலு மடங்கு என்று கண்டார்கள். மூளை முழுசாக முதிர இருபத்தைந்து வயசு ஆகிறது என்கிறார்கள் டாக்டர்கள். தமிழ்நாட்டில் மது வாங்க 21 வயசு என்று சட்டம் வைத்திருப்பது சும்மா இல்லை. ஐந்து வருஷம் தள்ளிப்போட வைத்தாலே பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

பையன் இப்போது எப்படி? “சனிக்கிழமை ஷேர் அஞ்சு வாரமா இல்ல சார். லிப்பு... ஒண்ணு ரெண்டு” என்றான். பாய் பக்கத்தில் இருந்ததால் குரல் இறங்கியது.

அந்த பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஷூ தொழிலில் ஒட்டுவதற்கு ‘சொல்யூஷன்’ இல்லாமல் வேலை ஓடாது. அந்த வாசனையை வேண்டுமென்றே இழுப்பது ஒரு போதை. மற்ற போதைகளைவிட மோசமான விஷயம், இது சின்னப் பிள்ளைகளின் போதை. மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் எடுத்த தேசியக் கணக்கு 2019-ல் வந்தது. மது, கஞ்சா, அபின் எல்லாவற்றிலும் பெரியவர்கள்தான் அதிகம். முகர்ந்து இழுக்கும் வகையில் மட்டும் பெரியவர்கள் 0.58 சதவீதம், பத்தில் இருந்து பதினேழு வயசுப் பிள்ளைகள் 1.17 சதவீதம். பாதிக்குப் பாதி தலைகீழ்! 2012-ல் மத்திய அரசு பாட்டில் ஒயிட்னரை நிறுத்தியதும் இந்தக் காரணத்துக்காகத்தான். மூளை, கல்லீரல் எல்லாம் போகும். சில சமயம் முதல் தடவையிலேயே இதயம் நின்றுவிடுவதும் உண்டு.

ஒயிட்னரை நிறுத்தலாம். ஆம்பூரில் சொல்யூஷனை நிறுத்த முடியுமா? பாய் என்ன செய்கிறார் என்றால், காலையில் ஒவ்வொரு டேபிளுக்கும் சின்னக் கிண்ணத்தில் அளந்து கொடுக்கிறார். சாயங்காலம் மீதியைத் திருப்பி வாங்கி, டின்னை மூடி, எடை போட்டு, நோட்டில் எழுதி, பீரோவில் பூட்டுகிறார். காலி டின்னைக்கூட வெளியே போடுவதில்லை, எண்ணித் திருப்பி அனுப்புகிறார். இப்படி ஒரு ஸ்டாக் ரிஜிஸ்டரை நான் ஆடிட் ஆபீஸில் வேலை பார்த்த காலத்தில்கூடப் பார்த்ததில்லை. “எதுக்கு பாய் இவ்வளவு?” என்றேன்.

“தோலைத் திருடினா எனக்கு நஷ்டம். இதைத் திருடினா அவங்க அம்மாவுக்கு நஷ்டம் தம்பி. அந்தம்மாவும் இங்கதான் வேலை பார்க்குது. நாளைக்கு மூஞ்சில முழிக்கணும்ல?”

*

மலைப் பக்கமும் ஒரு பார்வை. வேலூருக்குத் தெற்கே ஜவ்வாது மலைத்தொடர். அதில் அணைக்கட்டு பக்கத்து அல்லேரி மலை, பேப்பர் படிப்பவர்களுக்குப் பழக்கமான பெயர். வெல்லமும் மரப்பட்டையும் போட்ட ஊறலைப் போலீஸ் போய் அழிக்கும், படம் வரும், அடுத்த மாசம் அதே படம் திரும்ப வரும். ஆந்திர எல்லையும் கூப்பிடு தூரம். அதே அல்லேரியில் 2023 மே மாதம் பாம்பு கடித்த ஒன்றரை வயசுக் குழந்தை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் இறந்தது. ரோடு இல்லை. உடலோடு திரும்பிய ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, தாய் கையில் சுமந்துகொண்டு மலையேறினார். சாராயம் எந்த நேரமும் இறங்கி வந்த மலையில் அன்று ஒரு வண்டி ஏற வழி இருக்கவில்லை. வேறு பிழைப்புக்கு வழி இல்லாத இடத்தில் ஊறலை மட்டும் கொட்டிக் கவிழ்த்தால் எத்தனை நாளைக்கு?

2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்துக்கு அறுபதுக்கும் மேற்பட்ட உயிர் போனது எல்லோருக்கும் தெரியும். தினசரி கொஞ்சம் கொஞ்சமாகப் போகிற உயிர்களுக்குத் தலைப்புச் செய்தி கிடையாது.

இன்னொரு வேடிக்கை. நெடுஞ்சாலை ஓரத்து மதுக்கடைகளை எடுக்கச் சொல்லி 2016 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் உத்தரவிட்டது. 2017 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க ஆயிரக்கணக்கான கடைகள் மூடப்பட்டன. நல்லதுதானே? மூடிய கடைகளில் பல, ரோட்டை விட்டு உள்ளே கிராமத்துப் பக்கம் இடம் தேடின. லாரி டிரைவருக்குத் தூரமானது, பள்ளிக்கூடப் பையனுக்குப் பக்கமானது. ஊர் ஊராகப் பெண்கள் ரோட்டில் உட்கார்ந்தார்களே, அது இந்தச் சமயத்தில்தான்.

*

“விழிப்புணர்வு நடக்குதே சார்” என்றார் டீக்கடையில் ஒரு வாத்தியார். நடக்கிறது. ஜூன் 26-ல் ஊர்வலம். 2022 ஆகஸ்ட் 11-ல் முதலமைச்சர் தொடங்கி வைத்த ‘போதைப் பொருள் இல்லாத் தமிழ்நாடு’ உறுதிமொழி. கையை நீட்டி, கோரஸாக. தப்பு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அது காலை பத்து மணிக்கு நடக்கிறது. காலை பத்து மணிக்கு எந்தப் பையனும் பாலத்து மேல் உட்காருவதில்லை!

அமெரிக்காவில் 1983-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு திட்டம் போட்டார்கள். போலீஸ்காரர்களே வகுப்புக்குப் போய் போதையின் தீமைகளைப் பாடமாக நடத்துவது. நாடு முழுக்கப் பரவியது. பனியன், ஸ்டிக்கர் எல்லாம் விற்றார்கள். பிற்பாடு ஆராய்ந்து பார்த்தால், பாடம் கேட்ட பிள்ளைகளுக்கும் கேட்காத பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. பாவம், பனியன் மட்டும் மிச்சம்.

ஐஸ்லாந்துக்காரர்கள் வேறு மாதிரி யோசித்தார்கள். மொத்த ஜனத்தொகையே நாலு லட்சத்துக்குள். 1998-ல் அங்கே பதினைந்து பதினாறு வயசுப் பிள்ளைகளில் 42 சதவீதம் பேர் முந்தின மாசத்தில் ஒரு தடவையாவது போதை ஏறக் குடித்திருந்தார்கள். 2016-ல் அது 5 சதவீதம். என்ன மந்திரம்? பிள்ளைகள் எந்த நேரத்தில் எங்கே இருக்கிறார்கள் என்று வருஷா வருஷம் கேட்டார்கள். அந்த நேரத்தை நிரப்பினார்கள். விளையாட்டு, சங்கீத வகுப்புக்குப் போக வீட்டுக்குப் பணம் கொடுத்தார்கள். பதின்மூன்று முதல் பதினாறு வயசுப் பிள்ளைகள் குளிர்காலத்தில் ராத்திரி பத்து மணிக்கு மேல் தெருவில் இருக்கக் கூடாது என்று விதி. பெற்றோர்களே ரோந்து போனார்கள்.

“ஐஸ்லாந்துல காசு இருக்கு சார்” என்றார் வாத்தியார். நியாயம். அதனால் பக்கத்து ஊருக்கு வருவோம். நெல்லூர் மாவட்டம் தூபகுண்டா. 1990-களின் தொடக்கத்தில் ராத்திரி எழுத்தறிவு வகுப்புக்குப் போன பெண்கள், பாடத்தில் வந்த சாராயக் கதையைப் படித்துவிட்டு, ‘இது நம்ம ஊர்க் கதைதானே’ என்று கிளம்பிப்போய்க் கடையை மூடவைத்தார்கள். 1992-ல் அது மாநிலம் முழுக்கப் பற்றி, 1993-ல் ஆந்திராவில் சாராயமே தடை செய்யப்பட்டது. 1995-ல் வந்த முழு மதுவிலக்கு 1997-லேயே தளர்ந்துவிட்டது, அது வேறு கதை. நம் பக்கம், மஞ்சக்குடி. குடியால் கணவரை இழந்த சாந்தி ரங்கநாதன் 1980-ல் சென்னையில் தொடங்கிய டி.டி. ரங்கநாதன் மருத்துவ ஆய்வு நிறுவனம், 1989-ல் இந்தக் கிராமத்தில் முகாம் போட்டது. குடிநோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடாமல், ஆஸ்பத்திரியைக் கிராமத்துக்குக் கூட்டி வந்தார்கள். இடமும் சாப்பாடும் ஊரார் பொறுப்பு. முகாம் முடிந்த பிறகும் ஆளைக் கண்காணிக்கக் கிராமத்திலேயே ஒருத்தர்.

வேலூரிலேயே அந்தத் தத்துவத்துக்கு முன்னோடி உண்டு. பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம், 1957-ல் தொடங்கியது. அங்கே நோயாளியோடு வீட்டு ஆள் ஒருவரும் கூடவே தங்குவது ஆரம்பத்தில் இருந்தே வழக்கம். தனியாக ஆரம்பித்த பழக்கத்தைத் தனியாக விட முடியாது என்று அவர்கள் அப்போதே கண்டுபிடித்திருக்கிறார்கள்.

*

பாகாயத்தில் இருந்துவிட்டு வந்த ஒருவரை அன்று ராத்திரி பார்த்தேன். மாதனூருக்கும் ஆம்பூருக்கும் இடையில், பாலாற்றங்கரை ஓரம் ஒரு கிராமம். சீமைக் கருவேலத்தை வெட்டிச் சமப்படுத்திய ஒரு மைதானம். இரண்டு கம்பம், ஒட்டுப் போட்ட ஒரு நெட், இரண்டு எல்.இ.டி. விளக்கு. வாலிபால். ‘கேப்டன்’ என்று எல்லோரும் கூப்பிடும் அவருக்கு நாற்பத்திச் சொச்சம் வயசு, டேனரியில் ஸ்ப்ரே செக்‌ஷன். பதினோரு வருஷமாகக் குடிப்பதில்லை. “நானும் என் வூட்டுக்காரியும் பாகாயத்துல ஒண்ணா இருந்தோம் சார். ஹனிமூன் மாதிரி” என்று சிரித்தார். மனைவி சிரிக்கவில்லை.

திரும்பி வந்தவருக்கு ஆறு மணிக்கு மேல் என்ன செய்வது என்று தெரியவில்லையாம். சும்மா இருந்தால் கால் தானாகப் போகும். பந்து வாங்கினார்.

மைதானத்துக்கு இரண்டே விதி. முதல் விதி, வாயில் எதையாவது வைத்துக்கொண்டு வந்தால் துப்பிவிட்டு, கொப்புளித்துவிட்டு இறங்க வேண்டும். ஆனால் யாரையும் வெளியே அனுப்புவதில்லை. “அனுப்பினா எங்க போவான்? பாலத்துக்குத்தான். அதுக்கு நானே இட்டுனு போய் வுட்டுடலாமே.” இரண்டாவது விதிதான் எனக்குப் பிடித்தது. முக்கியமான மேட்ச் எல்லாம் சனிக்கிழமை ராத்திரி ஏழரைக்கு. ஞாயிற்றுக்கிழமை வைத்தால்தானே கூட்டம் வரும் என்றேன். “சனிக்கிழமை கூலி நாள் சார். காசு பாக்கெட்டுல சூடா இருக்கும். எட்டு மணிக்கு மேட்ச்சு இருந்தா ஏழு மணிக்கு எவனும் குடிக்க மாட்டான். ஒன்பதரைக்கு முடிஞ்சா பசிக்கும், வூட்டுக்குப் போவான். அவங்கம்மா காசை வாங்கி வெச்சிடும்.” ஐஸ்லாந்துக்கு ஒரு காப்பி அனுப்பலாம்.

விளக்குக்குக் கரென்ட் பக்கத்து வீட்டு மீட்டரில் இருந்து. பன்னிரண்டு பேர் பங்கு போட்டு பில் கட்டுகிறார்கள். பஞ்சாயத்துகளுக்கு அரசு 2024-ல் விளையாட்டுச் சாமான் பெட்டி கொடுத்ததே, அதில் பந்து, நெட் எல்லாம் வந்திருக்குமே என்றேன். “வந்திருக்கு சார். பீரோவுல இருக்கு. ஆபீஸை அஞ்சே முக்காலுக்குப் பூட்டிடுவாங்க. பசங்க ஆறு மணிக்கு வருவாங்க.” பதினைந்து நிமிஷ வித்தியாசத்தில் ஒரு திட்டமே பீரோவுக்குள் தூங்குகிறது.

மைதானத்து ஓரத் திண்ணையில் மூன்று பெண்கள், ஷூ கம்பெனி ஐ.டி. கார்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். “இவங்களுக்கு?” என்று கேட்டேன். கேப்டன் தலையைச் சொறிந்துகொண்டார். அந்தப் பெண்களில் ஒருத்தி, “எங்களுக்கு ஆறு மணிக்கு மேல சோறு வடிக்கிற வெள்ளாட்டு இருக்குது சார்” என்றாள்.

குடியை நிறுத்த நினைக்கிறவர்களுக்கும் வீட்டாருக்கும் 14446 என்று ஒரு எண் இருக்கிறது. இலவசம். கள்ளச்சாராயம், போதைப் பொருள் விற்பதைச் சொல்ல 10581. இரண்டையும் கரியால் விளக்குக் கம்பத்துப் பக்கத்துச் சுவரில் எழுதி வைத்திருக்கிறார் கேப்டன். “எழுதி வெச்சதுல நாலு பேரு போன் பண்ணாங்க” என்றார். நாலு பேர் என்றால் நாலு வீடு.

நான் போனதும் சனிக்கிழமைதான். பக்கத்து ஊர் டீமோடு மேட்ச். ஏழரைக்கு எல்லோரும் வந்தாயிற்று. ஒரு ஆள் குறைந்தது. யார் என்று பார்த்தால், மத்தியானம் எனக்கு வரவு செலவு சொன்ன அதே பையன். இந்த டீமுக்கு அவன்தான் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவன். கேப்டன் போன் அடித்தார். ஸ்விட்ச் ஆஃப். அவன் அம்மாவுக்கு அடித்தார். “ஆறரைக்கே கெளம்பிட்டானே அண்ணா, கிரவுண்டுக்குன்னுதான் சொன்னான்” என்று அந்தப் பக்கம் குரல் வந்தது. கூலி வாங்கிய காசு? இன்னும் கையில் கொடுக்கவில்லையாம்.

கேப்டன் ஒன்றும் சொல்லவில்லை. விசிலை இன்னொரு பையன் கழுத்தில் மாட்டினார். “ஆடுங்கடா, வந்துடறேன்” என்று பைக்கை எடுத்துக்கொண்டு பாலத்துப் பக்கம் போனார். ஐந்து பேரோடு ஆட்டம் தொடங்கியது. முதல் செட் போனது. ஒன்பது மணி வேலூர் பஸ்ஸுக்காக நான் எழுந்தபோது இரண்டாவது செட்டில் 18-க்கு 16. நம் ஆட்கள்தான் 18. பெஞ்சில் ஒரு தண்ணீர் பாட்டிலுக்கு அடியில் அந்தப் பையனின் ஜெர்ஸி மடித்தபடி இருந்தது. ரோட்டுப் பக்கம் ஏதாவது லைட் தெரிகிறதா என்று எல்லோரும் சர்வீஸுக்கு சர்வீஸ் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.